முப்பது கொருனா வால்வு

பேக்கரியில் ஈஸ்ட் என் பேச்சைக் கேட்கும்.
மாவுக்குள் பொங்கும், அடுப்புக்குள் போகும், சாகும்.
காலை ஆறு மணிக்கு ஓஸ்ட்ராவா நகரம்
அந்தக் காற்றின் மேல் வெண்ணெய் தடவித் தின்னும்.

வீட்டில் அப்படியில்லை.

எலுமிச்சை சோடா குடித்துத் தீர்த்த இரண்டு லிட்டர் பாட்டில்,
இரண்டு தம்ளர் சர்க்கரை, கைச்சூட்டு வெந்நீர்,
வேலையிடத்திலிருந்து சட்டைப்பையில் வந்த
ஒரு சிட்டிகைத் திருட்டு.
மூடியில் துளை போட ஆணியைச் சுட்டேன்;
அந்த நாற்றம் திரைச்சீலையில் இன்னும் இருக்கிறது.
துளையைவிடத் தடித்த குழாயைச் சாய்வாய்ச் சீவி
குறடால் கவ்வி இழுத்தால்
தானே இறுகிக்கொள்ளும், பசை வேண்டாம்.
நடுவில் இருமல் மருந்துக் குப்பி, குமிழி எண்ண.
தொட்டிக்குள், குழாய் முனையில், சிகரெட் பஞ்சு.
நான் புகைப்பதில்லை. டிராம் நிறுத்தத்தில் ஒருவரிடம்
"பஞ்சு மட்டும் போதும்" என்று கேட்டு வாங்கினேன்.
அவர் பார்த்த பார்வை.

மீன்கடைக்காரர் சொல்லியிருந்தார்:
நடுவில் ஒரு வால்வு போடுங்கள்,
போக விடும், திரும்ப விடாது. முப்பது கொருனா.
முப்பது கொருனாவுக்கு இரண்டு கிலோ உருளைக்கிழங்கு வருமே என்று
வந்துவிட்டேன்.

முதல் நாள் ஒன்றுமில்லை.
இரண்டாம் நாள் பகலில், தூங்க வேண்டிய நேரத்தில்,
குப்பிக்குள் ஒரு 'ப்ளக்'.
பிறகு நான்கு நொடிக்கு ஒன்று.
எண்ணிக்கொண்டே நூற்றுப் பத்தில் தூங்கிப்போனேன்.
விழித்தபோது ரோட்டாலா இலைகளுக்கு அடியில்
பொடிப்பொடியாய் வெள்ளி.
செடி மூச்சு விடுவதை
அன்றுதான் கண்ணால் பார்த்தேன்.

ஒரு குறை: ஈஸ்டுக்கு ராத்திரி தெரியாது.
விளக்கணைந்தபின் செடிக்கு வேண்டாம்,
அது பாட்டுக்குக் கொடுத்துக்கொண்டே இருக்கும்.
நிறுத்தத் தெரியாமல் கொடுக்கிற ஒருவரோடு
எட்டு வருடம் குடித்தனம் செய்தவள் நான்.
பொறுத்துக்கொண்டேன்.

பிப்ரவரியில் ஒருநாள்
புளித்த வாசம் போகட்டும் என்று ஜன்னலைத் திறந்து,
மூட மறந்து, இரவு வேலைக்குப் போனேன்.
வெளியே மைனஸ் பதினொன்று.
தரையில் இருந்த பாட்டில் குளிரில் ஒடுங்கி
குழாய் வழியே தண்ணீரை உறிஞ்சியது.
தொட்டி விளிம்பைத் தாண்டிவிட்ட தண்ணீருக்கு
யாரும் வழி சொல்ல வேண்டியதில்லை.
பாட்டில் நிறைந்தது. என் ஆணித்துளை பாரம் தாங்கவில்லை.

கீழ்வீட்டு வெண்டலீனின் மூக்கில்
மூன்று மணிக்கு முதல் சொட்டு.
பார்சல் வாங்கி வைக்க நான் கொடுத்திருந்த சாவியோடு,
துணி அலசும் வாளியோடு, ஏறி வந்தார்.
ஜன்னலை மூடினார்.
கசிந்த மூடியிலிருந்து குழாயைப் பிடுங்கினார்,
அது இன்னும் மோசம்.
நுனியைக் கட்டைவிரலால் பொத்திக்கொண்டு
தரையில் உட்கார்ந்துவிட்டார்.

ஆறரைக்கு நான் கதவைத் திறந்தபோதும்
அப்படியே இருந்தார்.

"குழாயைத் தொட்டியிலிருந்து எடுத்திருக்கலாமே."

"எடுத்தால் வேறு என்ன வருமோ என்று..."

ஒரு சாண் தண்ணீரில் நியான் மீன்கள் நெருக்கியடித்துக்கொண்டிருந்தன.
"ஒன்பது," என்றார். "விடிய விடிய எண்ணினேன்.
ஒருமுறை எட்டு வந்தது. பயந்துவிட்டேன்."

பையிலிருந்த ரோஹ்லிக் ரொட்டி இன்னும் சூடாக இருந்தது.
ஊறி வெளுத்த வலது கட்டைவிரலை மடியில் வைத்துக்கொண்டு
இடது கையால் சாப்பிட்டார்.
மூன்று.

வியாழக்கிழமை ஒரு செய்தித்தாள் பொட்டலம்.
நான் வாங்காமல் வந்த அதே வால்வு.
விலைச்சீட்டைக்கூடக் கிழிக்கவில்லை.
அதன் மேல் ஓர் அம்பு, கொசுக்கால் அளவு.
தொட்டிப் பக்கமா, பாட்டில் பக்கமா என்று
கண்ணாடி போட்டும் போடாமலும் கொஞ்ச நேரம் சண்டை.
கடைசியில் குழாயில் மாட்டி
மறுபக்கத்தை வாயில் வைத்து இழுத்தார். வரவில்லை.
ஊதினார்.
தொட்டிக்குள் ஒரு குமிழி கிளம்பி
இலையிலிருந்து இலைக்கு முட்டி முட்டி ஏறியது.

அது ஈஸ்ட் இல்லை, வெண்டலீன்.
ரோட்டாலா பேதம் பார்க்கவில்லை.